துப்பாக்கி உரிமம்: எப்போதாவது சுடுபவருக்கும் தீவிர வீரருக்கும் ஒரே வாசலா?

ஜோர்ஜ்டவுன்: அண்மையில் நிபோங் திபாலில் ஒரு திருமண விருந்து. செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருக்கும் உறவுக்கார மாமா ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார்.

"தம்பி, நீ பத்திரிகையில இருக்கியே, ஒன்னு கேக்கணும். நம்ம பையன் நாலாம் படிவம். ஒலிம்பிக்ஸ்ல துப்பாக்கி சுடுறதைப் பார்த்ததுல இருந்து அதே பேச்சுதான். லைசென்ஸ் எங்கப்பா எடுக்கிறது?"

நான் யோசிப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "வீட்டுல ஒன்னு இருந்தா நல்லதுதானே. காட்டுப்பன்னி வந்து செம்பனைக் கன்னுங்களை எல்லாம் தோண்டிப் போட்டுடுது."

மாமா ஒரே மூச்சில் இரண்டு துப்பாக்கிகளைக் கேட்டுவிட்டார். ஒன்று விளையாட்டுக்கு, இன்னொன்று பயிரைக் காக்க. நம்மவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்: உரிமம் கிடைத்தால் போதும், பிறகு எதற்கும் பயன்படுத்தலாம் என்று. ஆனால் பல நாடுகளில் துப்பாக்கிச் சட்டம் முதலில் கேட்பது "எதற்கு?" என்பதைத்தான். அடுத்து "உனக்கு யார் பொறுப்பு?" என்று கேட்கும். இந்த இரண்டாவது கேள்விக்கு நம் நாட்டுச் சட்டத்தில் தெளிவான படிகள் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நம் சட்டம் சொல்வது

மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பதை 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உரிமம் தருவதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவரின் விருப்புரிமை. பினாங்குக்காரர் என்றால் பினாங்கு போலீஸ் தலைவரிடம்தான் போக வேண்டும். காற்றழுத்தத்தில் சுடும் ஏர் கன், ஏர் பிஸ்டலும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஆயுதங்களே. "இது சின்னத் துப்பாக்கிதானே" என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது.

உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் இச்சட்டத்தின்படி 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டு துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்பட்டால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். பன்றி வேட்டைக்கென்று இரும்புக் குழாயில் செய்துகொள்ளும் நாட்டுத் துப்பாக்கியும் இதில் அடங்கும். உரிமமில்லாத துப்பாக்கி இரண்டுக்கு மேல் இருந்தால், ஆயுதக் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். அதற்கான தண்டனை மரணம், அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும்.

இந்தக் கடுமை எங்கிருந்து வந்தது என்று நம் சமூகத்துக்கு நன்றாகத் தெரியும். 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில் அனுமதியின்றி ஆயுதம் ஏந்தினால் மரண தண்டனை என்று விதி வந்தது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஜொகூரில் அதே போன்ற குற்றச்சாட்டில் மரண தண்டனை பெற்ற சாம்பசிவத்தை 1950இல் லண்டன் பிரிவி கவுன்சில் காப்பாற்றியது. அவசரகாலம் முடிந்த அதே 1960இல்தான் ஆயுதச் சட்டமும் வந்தது. பாதுகாப்பை மனத்தில் வைத்துப் பிறந்த சட்டத்தில், விளையாட்டு வீரனுக்கென்று தனி இடம் யோசிக்கப்படவில்லை.

அதனால் மாதம் ஒரு முறை சுட்டுப் பழக விரும்புபவரும், நாட்டுக்காகப் போட்டியிடப் போகிறவரும் ஒரே கதவைத்தான் தட்ட வேண்டும். "எப்போதாவது சுடுபவர்", "தீவிர வீரர்" என்று இரண்டு வகை நம் சட்டத்தில் எழுதப்படவில்லை.

தென்னாப்பிரிக்காவின் இரண்டு வகை

நம்மைப் போலவே கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன தமிழர்கள் வாழும் தென்னாப்பிரிக்காவில் இந்தப் பிரிவு தெளிவாக இருக்கிறது. 2000ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு எப்போதாவது சுடுபவருக்கு. 16ஆவது பிரிவு தீவிர வீரருக்கு.

முதல் வகையினர் எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. அதிகபட்சம் நான்கு உரிமம். அதில் கைத்துப்பாக்கி ஒன்றுதான். தற்காப்புக்கென்று ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தால் மூன்றாகக் குறையும். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாக்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

இரண்டாம் வகையினருக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, 200 தோட்டா வரம்பும் இல்லை. ஆனால் அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் தலைவர், "இவர் எங்கள் உறுப்பினர்" என்று சத்தியப் பிரமாணம் செய்து எழுதித் தர வேண்டும். சங்கம் ஆண்டுதோறும் அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதாவது, கூடுதல் சலுகை வேண்டுமானால் உனக்காக இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை.

அந்த நாட்டை அப்படியே பின்பற்றலாமா? கூடாது என்பேன். 2021 ஜூலையில் குவாசூலு நத்தால் மாநிலத்தில் கலவரம் வெடித்தபோது, டர்பன் அருகே இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் 36 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியால் சுடப்பட்டவர்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால், அது எந்தப் பிரிவின் கீழ் வாங்கப்பட்டது என்று பயமும் கோபமும் நிறைந்த இரவில் யாரும் பார்ப்பதில்லை.

இந்தியாவின் ஏணி

இந்தியா வேறு வழியில் போகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் குடிமகன் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். 2020 பிப்ரவரியில் வந்த அறிவிப்பு விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஏணி போட்டது. இளையோருக்கும் வளரும் வீரர்களுக்கும் 2, ஒரு பிரிவில் பெயர் பெற்றவருக்கு 8, இரண்டு பிரிவு என்றால் 10, அதற்கும் மேல் என்றால் 12. இது சாதாரணக் குடிமகனுக்குரிய இரண்டுக்கும் கூடுதலாக.

அதைவிட முக்கியமானது ஏணியின் முதல் படி. 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி கொண்ட .177 ஏர் ரைபிளுக்கு அங்கே உரிமமே தேவையில்லை. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், தோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்ஸ் இரண்டிலும் போட்டியிட்டது 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில்தான். அவர் போன்றவர்கள் கையில் எடுக்கும் முதல் துப்பாக்கிக்கு, இங்கே நம் பிள்ளைகள் போலீஸ் உரிமம் பெற வேண்டும்.

நம் நாட்டிலும் திறமைக்குக் குறைவில்லை. நூர் சூரியானி தைபி எட்டு மாதக் கர்ப்பிணியாக 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஏர் ரைபிள் சுட்டதை உலகமே பார்த்தது. 1998 காமன்வெல்த் போட்டிக்காக லங்காவியில் அனைத்துலகத் தரத்தில் சுடுதளம் கட்டப்பட்டது. ஆனால் தோட்டப்புறப் பிள்ளைக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் இருப்பது கடல் மட்டுமல்ல. யாரைப் பார்ப்பது, எந்தச் சங்கத்தில் சேர்வது, எவ்வளவு செலவாகும் என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. விதி எழுத்தில் இல்லாத இடத்தில், வழி தெரிந்தவர்தான் முன்னே போவார். நம் பிள்ளைகள் பின்தங்குவது இங்கேதான்.

என்ன கேட்கலாம்?

துப்பாக்கியை எளிதாக்கச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். இங்கே கடைத்தெருவில் பயமில்லாமல் நடக்கிறோம் என்றால் அதற்கு இந்தக் கடுமையும் ஒரு காரணம். கேட்க வேண்டியது எழுதப்பட்ட படிகளை.

முதல் படியில், எப்போதாவது சுடுபவருக்குச் சொந்தத் துப்பாக்கி வேண்டாம். சங்கத்தின் துப்பாக்கி, சங்கத்தின் தளம், பக்கத்தில் பயிற்றுநர். இரண்டாம் படியில், இத்தனை மாதப் பயிற்சி, இத்தனை போட்டி என்ற பதிவுடன் சங்கம் பொறுப்பேற்றால் சொந்த உரிமம். அப்போதும் துப்பாக்கி தளத்தின் பாதுகாப்பு அறையில்தான் இருக்க வேண்டும். பயிற்சியை விட்டவரின் பெயரைச் சங்கமே போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணம் எழுத்தில் வர வேண்டும். இப்படி இருந்தால் போலீஸ் தலைவருக்கும் முடிவெடுப்பது சுலபம், தோட்டத்துப் பையனுக்கும் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியும்.

அதுவரை பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மைத் துப்பாக்கி போலவே இருக்கும் போலித் துப்பாக்கியை இணையத்தில் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அதை வைத்திருப்பதும் குற்றமே. ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இளம் வயதில் ஒரு போலீஸ் பதிவு விழுந்தால் பிறகு எந்தச் சங்கமும் அவனுக்காகக் கையெழுத்துப் போடாது.

மாமாவிடம் இரண்டு பதில் சொன்னேன். பன்றிக்கு, தோட்ட நிர்வாகத்தின் மூலம் பெர்ஹிலித்தானில் புகார் கொடுங்கள். வேட்டைக்குத் துப்பாக்கி உரிமம் மட்டும் போதாது, வனவிலங்குச் சட்டமும் குறுக்கே வரும். பையனுக்கு, முதலில் சங்கத்தில் சேர்த்துவிடுங்கள். ஓராண்டு சங்கத்துத் துப்பாக்கியில் சுடட்டும், அப்புறம் உரிமத்தைப் பற்றிப் பேசலாம்.

"அப்போ வீட்டுல வேணாங்கிறியா?" என்றார்.

"வேணாம் மாமா."

சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "சங்கத்து நம்பர் இருந்தா வாங்கிக் குடு" என்றார். தேடிக்கொண்டிருக்கிறேன்.