மூக்குப் புண் கூறும் முறையீடு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால் அமெரிக்காவில் பலர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கும் ஆப்பிரிக்க மலைப்பாம்பான ‘பால் பைத்தான்’, அஞ்சினால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதுப் பிராணி. அதன் மூக்கு நுனி சில வேளைகளில் சிவந்து, செதில் தேய்ந்து காணப்படும். வளர்ப்போர் உடனே மருந்தைத் தேடுகின்றனர். மருந்திடுவது தவறன்று, அதோடு கடமை முடிந்தது என்றிருப்பதே தவறு.

தோலுரிக்கும் காலத்தில் பாம்பு மூக்கைத் தேய்ப்பது இயல்பு. உரித்த பின்னும் இரவுதோறும் கம்பிவலை மூடியில் முட்டி உரசினால், அது முறையீடு. தன் உடல் வெப்பத்தை இடம் மாறியே சீர்செய்துகொள்ளும் உயிர் அது. பெட்டியின் ஒருபுறம் ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸ் வெப்பமும், மறுபுறம் 25 டிகிரியும் இருத்தல் வேண்டும். இருபுறமும் ஒளிந்துகொள்ள மறைவிடம் தேவை. காற்றில் போதிய ஈரமும் தேவை. இவை இன்றேல் ஆறிய புண் மீண்டும் வரும். கிருமி சேர்ந்தால் வாய்க்கும் பரவலாம். வீக்கமோ சீழோ கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

பாம்பால் கத்தி அழ இயலாது. வாயில்லா உயிரை அடைத்து வளர்க்கத் துணிந்தவர், அதன் மூக்கிற்கு மருந்திடும் அன்றே அதன் வீட்டையும் திருத்தட்டும்!