மீடியா பாடமும் ஒரு பக்க டியூட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன கிழமை ஒரு கூட்டத்தில், பரீட்சைக்கு முன் எந்தெந்தப் பாடத்துக்கு செமினார் வைப்பது என்று பேச்சு வந்தது. கணிதத்துக்கு இரண்டு நாள், விஞ்ஞானத்துக்கு இரண்டு நாள், ஆங்கிலத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு சேர். எல்லாவற்றுக்கும் உடனே அனுசரணை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். "தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்" என்று நாங்கள் வாய் திறந்ததும் சிரித்துவிட்டார்கள். "மீடியாவுக்கு என்னத்துக்கு சேர் செமினார்? ஒரு டியூட்டப் பாடமாக்கினா புள்ள ஏ எடுக்கும்." சொன்னவர் நல்ல மனிதர். பாடசாலைக்கு அள்ளிக் கொடுப்பவர். அவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எங்களைச் சுடுகிறது.

ஆமாம், டியூட்டைப் பாடமாக்கினால் ஏ வரலாம். அந்தப் பாடத்தை அப்படி ஆக்கி வைத்தவர்கள் நாங்கள்தான். லாஸ்வெல், 1948. ஷனனும் வீவரும், 1949. வீரகேசரி 1930, தினகரன் 1932, ரூபவாஹினி 1982. கடந்தகால வினாத்தாள்களைப் பரப்பி வைத்து, திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு நிறம் தீட்டி, "இந்த முறை இது வரும், அது வராது" என்று குறி சொல்லி, ஒரு பக்கத்தில் சுருக்கிப் போட்டோக்கொப்பி அடித்துக் கொடுத்தவர்கள் வேறு யாருமில்லை. ஆசிரியர் கலாசாலையில் படித்த மாணவர் மையக் கற்பித்தல் எல்லாம் தவணைப் பரீட்சை அட்டவணை வந்தவுடன் காற்றில் போய்விடுகிறது.

அந்த டியூட் என்ன செய்தது என்று சொல்கிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மாத்தளையைப் புரட்டிப் போட்ட இரவுகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் இல்லை, பாதை இல்லை. சிக்னல் வந்த ஐந்து நிமிடத்தில் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு விழுந்தது. அணை உடைந்துவிட்டது, உடனே ஓடுங்கள் என்று. எந்த அணை? பேசுவது யார்? எத்தனை மணிக்கு? ஒன்றும் இல்லை. அதைக் கேட்டு ஒரு குடும்பம் இருட்டில் உம்மம்மாவையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. வழியில் வழுக்கி விழுந்து அந்த மூதாட்டியின் கை முறிந்தது. அப்படி எந்த அணையும் உடையவில்லை. குரல்பதிவைக் குழுவில் போட்ட பிள்ளை, தவணைப் பரீட்சையில் லாஸ்வெல் கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்த பிள்ளை. யார், என்ன, எந்த ஊடகம், யாருக்கு, என்ன விளைவு. ஐந்தையும் வரிசை தப்பாமல் எழுதியிருந்தது.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. உதவி செய்வதாக நினைத்துத்தான் அது அனுப்பியது. அந்த ஐந்து கேள்வியையும் கையில் இருக்கிற போனிடமும் கேட்கலாம் என்று நாங்கள் ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதில் வெட்கம் என்னவென்றால், இந்த நாட்டில் ஊடகம் என்றால் என்ன என்று அடிவாங்கிப் படித்த சமூகம் எங்களுடையது. 2012 ஏப்ரல் 20, ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் மாவட்டத்துத் தம்புள்ளையில் பள்ளிவாசலுக்குள் கும்பல் புகுந்தது. இன்று பதினோராம் தரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது இருக்கும். திகன எரிந்தபோது எட்டு வயது. வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். பாதிப் பேருக்குத் திகன ஓர் ஊர்ப் பெயர் மட்டும்தான்.

திகனைக்கு ஒரு கிழமை முன்னால் அம்பாறை. 2018 பெப்ரவரி 26 இரவு. முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்திருக்கிறது. கூட்டம் சூழ்ந்துகொண்டு சிங்களத்தில் கேட்கிறது. சிங்களம் சரியாக விளங்காத காசாளர் பயத்தில் ஆமென்று தலையாட்டுகிறார். அது வீடியோவாகிறது. கருத்தடை மாத்திரை கலந்ததை முஸ்லிம் கடைக்காரன் ஒப்புக்கொண்டான் என்று முகநூலில் ஓடுகிறது. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதித்துவிட்டு அது மாவுக் கட்டி என்றது.

எங்கள் டியூட்டில் "இரைச்சல்" என்று ஒரு தலைப்பு இருக்கிறது. ஷனன் மாதிரியில் வருவது. சொல்லப்பட்டதற்கும் விளங்கிக்கொள்ளப்பட்டதற்கும் நடுவில் புகுந்து கெடுக்கிற எல்லாமே இரைச்சல். அதற்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் உதாரணம்: வகுப்பறைக்கு வெளியே பஸ் சத்தம். பத்து வருடமாக அதே பஸ். ஒரு மொழி விளங்காததாலும், பயத்தாலும், கேட்டவர்கள் ஏற்கெனவே நம்பிக்கொண்டு வந்ததாலும் ஒரு "ஆம்" எப்படித் தீயானது என்று அம்பாறை கண் முன்னால் கிடக்கிறது. நாங்கள் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்!

மார்ச் முதல் கிழமை திகன. 7ஆம் திகதி அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. அந்தக் கலவரத்தில் தங்கள் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருடம் கழித்து. வாயிற்காப்போன் கோட்பாட்டுக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா? பத்திரிகையில் ஆசிரியர் வாசலில் நின்று எதை விடுவது, எதை நிறுத்துவது என்று பார்ப்பார். முகநூலில் அந்த வாசலில் யார் நின்றார்கள்?

வாசலில் ஆள் நின்றும் நடந்தது இன்னொன்று. 2019 மே 23, ஒரு சிங்கள நாளிதழின் முதற்பக்கம். முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று. செய்தியில் வைத்தியரின் பெயர் இல்லை. அடுத்த மாதமே குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் கிடைக்கவில்லை என்று நீதிமன்றத்துக்குச் சொன்னது. "செய்தி மூலங்கள் மூன்றைக் குறிப்பிடுக" என்ற கேள்விக்கு எங்கள் பிள்ளைகள் மூன்றையும் எழுதுவார்கள். அந்த முதற்பக்கத்தைக் கையில் கொடுத்து, இதில் மூலம் எங்கே என்று கேட்டால்?

"அரசியலை வகுப்புக்குள்ள கொண்டு வராதீங்க சேர், புள்ளைகள் மனசுல வெறுப்பு வரும்" என்று சிலர் சொல்கிறார்கள். யோசித்துத்தான் பதில் சொல்கிறோம். எங்களுக்கு நடந்ததை மட்டும் படிப்பித்தால் வரக்கூடும். ஆனால் எங்கள் கையும் சுத்தமில்லையே. 2021இல் கோவிட் தடுப்பூசி போட்டால் பிள்ளை கிடைக்காது என்று எங்கள் குழுக்களில் எத்தனை குரல்பதிவு ஓடியது? அம்பாறையில் எங்களை எரித்த அதே கருத்தடைக் கதையை நாங்களே எங்கள் உம்மாமாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால், "ஹாஜியார் அனுப்பினார்." ஹாஜியாருக்கு யார் அனுப்பியது என்று ஹாஜியாருக்கே தெரியாது. பாடத்தில் இதற்குப் பெயர் கருத்துத் தலைவர். அதுவும் டியூட்டில் இருக்கிறது, நாலாவது பொயிண்ட்.

வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனத்தைக் கேட்காத ஜும்ஆக் காலம் உண்டா? கேட்டுவிட்டு வெளியே வந்து, செருப்பைத் தேட முன்னமே போனைத் தேடுகிறோம்.

பரீட்சை நெருங்கும்போது அடுத்த கூத்து தொடங்கும். "லீக் பேப்பர் வந்திட்டு" என்று. பெரும்பாலும் பழைய மாதிரி வினாத்தாளின் தலைப்பை மாற்றிய படம். எல்லாமே பொய் என்று ஒதுக்கவும் முடியாது. 2024 புலமைப்பரிசில் பரீட்சையில் கேள்விகள் உண்மையிலேயே வெளியாகி, விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், மூன்று கேள்விகளுக்கு எல்லோருக்கும் முழுப் புள்ளி கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. எதையும் நம்பாதே என்று பிள்ளைக்குச் சொல்வதும் சோம்பேறித்தனம்தான். எப்படிப் பார்த்து நம்புவது என்று சொல்லிக் கொடுக்க நேரம் எடுக்கும். அந்த நேரத்தைத்தான் அன்றைக்குக் கூட்டத்தில் கேட்டோம்.

"எல்லாம் சரி, புள்ளி?" என்று கேட்பீர்கள். பல்தேர்வுக்கு ஆண்டுகளையும் பெயர்களையும் பாடமாக்கத்தான் வேண்டும். அதை மறுக்கவில்லை, இரண்டு கிழமையில் முடிக்கலாம். கட்டுரை வினாவில்தான் எங்கள் பிள்ளைகள் விழுகிறார்கள். "உதாரணம் தந்து விளக்குக" என்று வந்தால் நாற்பது விடைத்தாளிலும் அதே பஸ். தன் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதும் பிள்ளைக்கு விளக்கம் தானாக நீளும். இந்த வருடத் தவணைத் தாள்களைத் திருத்தும்போது பார்த்தோம். கூடுதல் புள்ளி எடுத்த விடை ஒன்றில் லாஸ்வெல்லின் பெயர்கூடப் பிழையாக இருந்தது. ஆனால் தன் மாமாவின் கடையைப் பற்றி வந்த ஒரு முகநூல் பதிவை அந்தப் பிள்ளை ஐந்து கேள்வியாலும் பிரித்து மேய்ந்திருந்தது.

1882இல் கண்டியில் அறிஞர் சித்தி லெப்பை "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கினார். மாத்தளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரம். டியூட்டில் அவருக்கு ஒரு வரி கொடுத்திருக்கிறோம், பெயரும் ஆண்டும். ஒரு சட்டத்தரணி எதற்காகத் தன் காசைப் போட்டுப் பத்திரிகை நடத்தினார் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேட்கும்படி நாங்கள் நடத்தியதும் இல்லை.

வருகிற சனிக்கிழமை காலை எட்டரையிலிருந்து லுஹர் வரை ஊடகக் கற்கை மீட்டல் வகுப்பு நடக்கும். வகுப்புகளுக்குத் தடை விதிக்கும் திகதிக்கு முன் இப்படி மூன்று சனிக்கிழமைகள் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். உக்குவெளை, வரக்காமுறைப் பிள்ளைகளும் வரலாம். காசு வேண்டாம், சாப்பாட்டுப் பார்சலும் வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணில் 2018 மார்ச், 2019 மே மாதப் பத்திரிகைகள் இருந்தால் கொடுத்து விடுங்கள். சிங்களப் பத்திரிகை என்றால் இன்னும் நல்லது, மொழிபெயர்க்க எங்கள் சிங்கள டீச்சர் சம்மதித்திருக்கிறார். நீங்கள் நம்பி மற்றவர்களுக்கு அனுப்பி, பிறகு பொய் என்று தெரியவந்த குரல்பதிவு ஏதும் இருந்தால் அதையும் எங்களுக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். யாருடைய பெயரையும் சொல்ல மாட்டோம். ஆசிரியர்கள் நாங்கள் அனுப்பிய இரண்டு இருக்கிறது, வகுப்பில் முதலில் அதைத்தான் போட்டுக் காட்டப் போகிறோம்.