வக்கீல் எதுக்கு, வெறும் கையெழுத்துதானே?

சுந்தரர் கல்யாணம் நின்றுபோன கதை திருவதிகைப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மணப்பந்தலுக்கு ஒரு கிழவர் வந்தார். உன் தாத்தா அடிமை ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறார், நீ என் ஆள் என்றார். மாப்பிள்ளைக்கு வந்ததே கோபம், ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கேஸ் திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போனது. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை இதோ என்று கிழவர் நிதானமாக எடுத்து நீட்டினார். தாத்தாவின் கையெழுத்தை இன்னொரு ஓலையோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. தீர்ப்பு முடிந்தது. தோற்ற மாப்பிள்ளை ஊர் ஊராகப் போய் திருவதிகைக்கும் வந்து சேர்ந்தார்.

வந்த கிழவர் சிவபெருமான், அதனால் தமிழுக்கு ஒரு நாயனார் கிடைத்தார். அதுவே ஒரு ஃபைனான்ஸ்காரராக இருந்திருந்தால்? (ஜெராக்ஸைக் கிழித்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள் மக்களே!) பந்தலில் ஒருத்தராவது "தம்பி, பேப்பர்ல கை வைக்காதே, மூலம் எங்கேன்னு முதல்ல கேளு" என்று சொல்லியிருக்க வேண்டும். தாலுகா கோர்ட் வக்கீல் வேலையில் பாதி இந்த மாதிரிதான். ஆனால் அந்தப் பாதிக்கு யாரும் அவரிடம் போவதில்லை.

2021ல் 'ஜெய் பீம்' வந்தபோது கடலூர் மாவட்டமே விசில் அடித்தது. நியாயம்தான். 1993ல் நெய்வேலிக்குப் பக்கத்து முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, திரும்பி வரவில்லை. வக்கீல் சந்துரு ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டு உண்மையை வெளியே கொண்டுவந்தார். பெரிய விஷயம், மறுப்பே இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் என்ன முடிவுக்கு வந்தார்கள்? வக்கீல் என்றால் சூர்யா, கோர்ட் என்றால் சென்னை. அப்போ பண்ருட்டி கோர்ட் வாசலில் பழைய பைக்கில் வந்து இறங்குகிறவர்? "அவர் நோட்டரி கையெழுத்து போடற ஆளுப்பா". அவ்வளவுதான் மரியாதை.

சரி, அவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நெய்வேலி நிலத்தை வைத்தே பார்க்கலாம். 1956ல் என்.எல்.சி. தொடங்கியதிலிருந்து சுற்றியுள்ள ஊர்கள் தலைமுறை தலைமுறையாக நிலம் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. 1894ஆம் வருட வெள்ளைக்காரன் சட்டம்தான் 2013 வரை நாட்டின் நிலமெடுப்புச் சட்டம். அதில் ஒரு சின்ன வரி உண்டு. இழப்பீட்டுப் பணத்தை 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று சொல்லி வாங்கினால்தான், தொகை போதாது என்று கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்லிப் பிறகு கேட்க முடியும். சும்மா கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால் கதவு மூடிவிடும். இரண்டே வார்த்தை! தொகையை அறிவிக்கும்போது நேரில் இருந்தவருக்கு அதற்கு மேல் ஆறே வாரம்தான் கெடு. 1984 திருத்தத்தில் இன்னொரு வாய்ப்பும் வந்தது. பக்கத்து நிலத்துக்காரர் கேஸ் போட்டுக் கூடுதல் வாங்கினால், போடாதவரும் அந்தக் கோர்ட் தீர்ப்பு வந்த மூன்று மாதத்துக்குள் மனு கொடுத்து அதே கணக்கில் கேட்கலாம்.

இது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? மூன்று மாதம் என்பது முந்திரி அறுவடைக்கும் விற்பனைக்கும் நடுவில் ஓடிப்போகிற காலம். சட்டம் இப்போது மாறிவிட்டது, ஆனால் கெடு என்ற சங்கதி மட்டும் மாறவே இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லில் மண்வெட்டும் இயந்திரம் இறங்கியபோது நாடே பார்த்தது. நிலம் எப்போதோ எடுத்தாயிற்று என்றது நிறுவனம். கொடுத்தது போதாது என்றார்கள் விவசாயிகள். விஷயம் ஹைகோர்ட் வரை போனது. டிவி கேமரா வருகிற நாளுக்குப் பல வருஷம் முன்னால், நோட்டீஸ் வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஒரு உள்ளூர் வக்கீல் அதைப் படித்துச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது கேட்டால் "வக்கீல்கிட்ட போனா இருக்கிற சொத்தும் போயிடும்" என்பார்கள்.

வியாபாரத்திலும் இதே கதைதான். முந்திரி வாங்கினவர் கொடுத்த செக் திரும்பி வருகிறது. பேங்க் தகவல் கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பிறகு அவருக்கு 15 நாள். அதற்கும் தரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். ஆனால் நம்ம ஊரில் நடப்பது என்ன? "அண்ணன் தந்துடுவாரு" என்று தீபாவளி வரை காத்திருப்பது. பிறகு வக்கீலிடம் ஓடுவது. அவர் உதட்டைப் பிதுக்கினால், "எதிர்பார்ட்டிகிட்ட காசு வாங்கிட்டான்" என்று டீக்கடையில் பேசுவது. பி.காம்.மில் இந்தப் பிரிவு 138ஐ மனப்பாடம் செய்து பாஸானவர்கள் வீட்டிலேயே இது நடக்கிறது என்பதுதான் கொடுமை :-)

வக்கீல்கள் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது, நிறையவே. ஃபீஸ் எவ்வளவு என்று முதல் நாளே எழுதிக் கொடுப்பவர் எத்தனை பேர்? ரசீது? வாய்தாவுக்கு வாய்தா "ஏதாச்சும் கொடுங்க" என்று கேட்டால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? பார் கவுன்சில் விதி 36 விளம்பரம் செய்யாதே என்கிறது. சரி, வியாபாரம் ஆகக்கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் கட்டண விவரத்தைத் தன் ஆபீஸுக்கு உள்ளே ஒரு பேப்பரில் எழுதி ஒட்டினால் தொழில் கெட்டுவிடுமா? பேப்பரைப் படித்து ஆலோசனை சொல்ல இவ்வளவு, நோட்டீஸுக்கு இவ்வளவு, வில்லங்கம் பார்க்க இவ்வளவு. மெக்கானிக் சொல்கிறார், டாக்டர் சொல்கிறார், இவர் மட்டும் சொல்ல மாட்டார்.

இன்னொரு பக்கம், புதிதாக கவுன் போட்ட பையன் எப்படி வாழ்வான்? ஜூனியர்களுக்குப் பெரிய நகரங்களில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்கச் சொன்னது சென்னை ஹைகோர்ட், 2024ல். அருமை. பட்டா கேஸும் ஜாமீனும் பார்க்கிற தாலுகா சீனியரே அந்த 15,000த்தை எங்கிருந்து எடுப்பார்? கொடுக்க முடியாத சீனியர், தங்க முடியாத ஜூனியர். பையன் சென்னைக்கு பஸ் ஏறிவிடுகிறான். அப்புறம் பத்திரம் எழுதுகிறவரும் ரியல் எஸ்டேட் புரோக்கரும்தான் ஊருக்குச் சட்டம் சொல்கிறார்கள்.

காசே இல்லாதவர்களுக்கு வழி இல்லாமலும் இல்லை. 1987ல் இயற்றி 1995ல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. அந்தக் கணக்கில் நெய்வேலியைச் சுற்றி எத்தனை வீடு வரும் என்று யோசித்துப் பாருங்கள். பெண் இல்லாத வீடு ஏது? கூப்பிட வேண்டிய நம்பர் 15100. தாலுகா சட்டப்பணிகள் குழு இருப்பதோ கோர்ட் வளாகத்துக்குள்ளே. கோர்ட் படி ஏறவே பயப்படுகிறவர் அதைத் தேடிப்போய்க் கேட்க வேண்டுமாம். அந்த ஐந்து எண்ணை ரேஷன் கடைச் சுவரிலும் வி.ஏ.ஓ. ஆபீஸ் கதவிலும் பெரிதாக எழுத ஒரு டப்பா பெயின்ட் போதும்.