கைவிடு படையும் கைவிடாப் படையும்

ஆயுதம் என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவை வாளும் வேலும் துப்பாக்கியுமே. ஆனால் ஆயுத பூஜை நாளன்று நம் ஊர்க் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். தச்சரின் உளி, கொத்தனாரின் கரண்டி, தையற்காரரின் கத்தரிக்கோல், பிள்ளைகளின் பாடநூல் ஆகிய அனைத்திற்கும் சந்தனமும் குங்குமமும் இட்டிருப்பார்கள். உழைக்க உதவும் கருவியையும் நம் மக்கள் ஆயுதமென்றே மதித்து வந்திருக்கின்றனர். கதிர் அறுப்பதும் அரிவாள்தான். கழுத்தை அறுப்பதும் அரிவாள்தான். வேறுபாடு பிடித்திருக்கும் கையில் இருக்கிறது. 1930ஆம் ஆண்டு தண்டியில் காந்தியடிகளும் வேதாரணியத்தில் இராஜாஜியும் ஏந்திய ஆயுதம் ஒரு பிடி உப்பே அன்றோ!

படைக்கலங்களைக் கைவிடு படை, கைவிடாப் படை என இரண்டாகப் பகுப்பதுண்டு. அம்பும் கவண்கல்லும் கையை விட்டுச் செல்பவை. வாளும் தண்டும் கையிலேயே நிற்பவை. ஓங்கிய வாளை, மனம் மாறினால், பாதியில் நிறுத்திவிடலாம். விட்ட அம்பை எந்த வில்லாளியாலும் திரும்ப அழைக்க முடியாது. இக்காலக் கண்ணிவெடி அம்பினும் கொடியது. புதைத்தவர் மறந்து போன பின்பும், போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்பும் அது மண்ணுக்குள் காத்துக் கிடக்கிறது. விறகு பொறுக்கச் செல்லும் பெண்களும் விளையாடச் செல்லும் குழந்தைகளும் அதனால் கால்களை இழக்கின்றனர். 1997 டிசம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் 122 நாடுகள் இதனை ஒழிக்க உடன்படிக்கையில் கையெழுத்திட்டதும் இதனாலேயே.

நம் நாக்கு இவற்றுள் எவ்வகை ஆயுதம்? வள்ளுவர் 129ஆம் குறளிலும், புனித யாகப்பர் தம் திருமுகத்திலும் நாவை நெருப்போடு சேர்த்தே பேசுகின்றனர். நாங்கள் அதனை ஏட்டில் படித்தோம். எங்கள் வகுப்பறையில்தான் உணர்ந்தோம்.

சென்ற ஆண்டு, கிராமத்துப் பள்ளியிலிருந்து ஒரு தோழி எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்தாள். ஆங்கிலப் பாடத்தை எழுந்து படிக்கையில், தீவு என்று பொருள்படும் ‘ஐலண்டு’ என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து கூட்டி ‘இஸ்லாண்டு’ என்று படித்தாள். வகுப்பே சிரித்தது. அன்று மாலைக்குள் அதுவே அவள் பெயராயிற்று. அவளுடைய நோட்டு அட்டையிலும் அதை எழுதினோம். முதலில் அவளும் சிரித்தாள். பிறகு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தனியே வேப்பமரத்தடிக்குப் போகத் தொடங்கினாள். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் ஒரு வாரம் பள்ளிக்கே வரவில்லை. அவள் தாயார்தான் அழைத்து வந்தார். வகுப்பு வாசலில் நின்று, “உங்களை நம்பித்தாம்மா இவளை விட்டுட்டுப் போறேன்” என்று எங்களிடம் சொல்லிவிட்டுச் சென்றார். தீவு என்ற சொல்லைத் தவறாகப் படித்தவளை நாங்களே ஒரு தீவாக்கியிருந்தோம்.

மன்னிப்புக் கேட்டோம். “பரவாயில்லை” என்றாள். இன்று எங்களோடுதான் உண்கிறாள். ஆயினும், ஆங்கில வகுப்பில் படிக்கச் சொன்னால் அவள் குரல் எழுவதில்லை. அந்தப் பெயரை நாங்கள் மறந்துவிட்டோம். புதைத்த இடத்தில் அது இன்னும் கிடக்கிறது.

“விளையாட்டுக்குத்தானே சொன்னோம்” என்பது எங்கள் வாதமாயிருந்தது. விளையாட்டு எறிந்தவருக்குத்தான், பட்டவருக்கு அன்று. பெற்றோரிடமும் பணிவோடு ஒன்று சொல்ல விரும்புகிறோம். “பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார், எவ்வளவு மார்க் வாங்கியிருக்கிறாள்!” என்ற சொல் ஒரு நொடியில் உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. நாங்கள் அதனை ஆண்டுக்கணக்கில் சுமக்கிறோம்.

அப்படியானால் வாய்மூடி இருப்பதே நன்று என்பீர்களோ? அன்று வகுப்பில் சிரிக்காதவர்களும் சிலர் இருந்தனர். அவர்களுடைய மௌனம் அவளுக்கு உதவவில்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் கையில் வாள் இல்லை. தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டிய மன்னனிடம், இவை நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போல் எச்சரித்த அச்சொல்லைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டில் காண்கிறோம். பிறரைக் காக்கவும் சொல்லை ஏந்தலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே தோழியரே, நாவைக் கைவிடாப் படையாகவே வைத்திருப்போம். ஓங்கிய பின்னும் ஒரு கணம் நிறுத்துவோம். ஒருத்தியைப் பார்த்து வகுப்பு சிரிக்கும்போது, “போதும், நிறுத்துங்கள்” என்று சொல்ல ஒருத்தியாவது எழட்டும். எங்கள் தோழி மீண்டும் எழுந்து படிக்கும் நாளுக்காக நாங்கள் காத்திருக்கிறோம். அன்று அவள் எப்படிப் படித்தாலும் அமைதியாகக் கேட்போம்.

பத்தாம் வகுப்பு மாணவியர்