வீட்டில் பியர் காய்ச்சுவோர் முதலில் மானியைச் சோதியுங்கள்

இந்நாட்டில் வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு முன்பு அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. 1963இல் அது நீக்கப்பட்டது. சொந்தப் பாவனைக்குக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. அனுமதியின்றி வடித்துச் சாராயம் ஆக்குவது முற்றிலும் வேறு விடயம். ஊரில் கசிப்புக்கு உள்ள மரியாதைதான் அதற்கு இங்கும்!

பியர் காய்ச்சும் சாமான்களோடு ஒரு கண்ணாடி மிதவையும் வரும். ஹைட்ரோமீற்றர் என்பார்கள். பாடசாலையில் நீரமானி என்று படித்திருப்பீர்கள்; கராஜில் பற்றரி அமிலம் பார்ப்பதும் இதே இனத்துக் கருவியால்தான். கரைசலில் சீனி கூடினால் மானி உயர்ந்து மிதக்கும். மதுவம் சீனியைத் தின்னத் தின்னத் தாழும்.

நுரைத்துக்கொண்டிருக்கும் கள்ளைப் போத்தலில் இறுக்கி அடைத்தால் என்ன நடக்கும் என்று யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. பியரும் அப்படித்தான். மானி உள்ளதைவிடக் குறைத்துக் காட்டினால், சீனி மிச்சமிருக்கும்போதே முடிந்துவிட்டது என்று அடைத்துவிடுவீர்கள். இரண்டு கிழமை கழித்து அலுமாரிக்குள் போத்தல் வெடிக்கும். பிள்ளைகள் ஓடித் திரியும் சிறிய பிளற்றில் கண்ணாடித் துண்டுகள் பறப்பது விளையாட்டல்ல.

மானிக்குள் இருக்கும் அளவுத்தாள் சற்று நழுவினாலும் கணக்குப் பிழைக்கும். ஆகவே காய்ச்சத் தொடங்குமுன் வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். அயன்பெட்டிக்கு ஊற்ற விற்கும் தூய நீர் நல்லது. லண்டன் குழாய்நீர் சுண்ணாம்பு நிறைந்ததுதான், ஆனால் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தாளில் எந்த வெப்பநிலை எழுதியிருக்கிறதோ அதே வெப்பநிலையில் நீர் இருக்க வேண்டும். பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ். பழைய ஆங்கில மானிகளில் 60 பாகை பரனைற், அதாவது ஏறக்குறைய 15.5 செல்சியஸ். மெல்லச் சுழற்றி ஒட்டிய குமிழிகளை உதறிவிட்டு, கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி, வளைவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். 1.000 காட்ட வேண்டும்.

1.002 காட்டுகிறதா? எறிய வேண்டாம். இனிப் பார்க்கும் ஒவ்வொரு அளவிலும் 2 புள்ளியைக் கழியுங்கள். ஆனால் ஒரு முனையில் மட்டும் பார்த்தால் போதாது. சமையலறைத் தராசில் 25 கிராம் சீனியும் 225 கிராம் தண்ணீரும் நிறுத்து நன்றாகக் கரையுங்கள். 20 பாகையில் இது 1.040 காட்ட வேண்டும். இங்கும் 2 புள்ளி கூடி 1.042 என்றால் தாள் நழுவியதுதான் காரணம், கழித்துக்கொள்ளலாம். 1.046 என்றால் அளவுகோலே பிழை. கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

காய்ச்சிய சாற்றைச் சூட்டோடு அளக்காதீர்கள். 30 பாகையிலேயே இரண்டரைப் புள்ளி அளவு குறைத்துக் காட்டும். கொதிநீரில் போட்டால் மானியே வெடிக்கலாம்.

மதுசாரக் கணக்குக்கு நிலையான பிழையால் கெடுதி இல்லை. தொடக்கம் 1.040, முடிவு 1.010 என்றால் வித்தியாசம் 30 புள்ளி. ஏறக்குறைய 4 வீதம். இரண்டிலும் ஒரே பிழை இருந்தால் கழித்தலில் அது போய்விடும். மோல்ற் பாகில் காய்ச்சிய பியர் 1.000 வரை இறங்காமல் 1.010 அளவில் நின்றுவிடுவது வழமை, பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாள் இடைவெளியில், ஒரே வெப்பநிலையில், இருமுறை பாருங்கள். அளவு அசையாமலும், எதிர்பார்த்த இடத்துக்கு இறங்கியும் இருந்தால் போத்தலில் அடைக்கலாம். பாதி வழியில் நின்றிருந்தால் அடைக்காதீர்கள். மதுவம் குளிரில் உறங்கியிருக்கும், வாளியைச் சற்றுச் சூடான அறைக்கு மாற்றுங்கள்.