தன்னம்பிக்கை எங்ககிட்ட நிறையவே இருக்குங்க

தை பொறந்தாப் போதும், எங்க ஈரோட்டுப் பக்கத்துல பேச்சாளருங்களுக்கு சீசன் ஆரம்பிச்சிடும். கோயில் நோம்பி, பள்ளிக்கூட ஆண்டு விழா, உரக் கம்பெனி கூட்டம், பேங்க்காரங்க நடத்துற விவசாயிகள் சந்திப்பு. மேடைன்னு ஒண்ணு போட்டா வெளியூர்ல இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பேச வைக்கணும். உங்க ஆபீஸ்லயும் இதே கதைதான்னு கோயமுத்தூர்ல வேலை பார்க்கற என் பையன் சொல்றான். எங்க ஊர் நோம்பிக் கமிட்டியில ஏழெட்டு வருசமா இருக்கறேன். யாரைக் கூப்பிடறது, எவ்வளவு குடுக்கறதுங்கற பேச்சு வந்தா நானும் வாயைத் திறப்பேன்.

முதல்ல பட்டிமன்றம். இதுக்குக் காசு குடுக்கறதை நான் குறை சொல்லமாட்டேன். நடுவர் ஒருத்தர், ரெண்டு அணிக்கும் சேர்த்து நாலு பேரோ ஆறு பேரோ, வண்டி வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்ந்தா பெரிய தொகைதான். ஆனா சோறு தின்னுட்டுப் பாயைச் சுருட்டிக்கிட்டு வர்ற ஊர் சனம் ரெண்டு மணி நேரம் வயிறு குலுங்கச் சிரிக்குது. மாமியாரும் மருமகளும் ஒரே பாயில உட்கார்ந்து சிரிக்கறதை வேற எங்க பார்க்க முடியும்? குன்றக்குடி அடிகளார் காலத்துல இலக்கியத்தை வெச்சு நடந்தது, இப்ப கணவனா மனைவியான்னு வந்து நிக்குதேன்னு எங்க வாத்தியார் ஒருத்தர் வருத்தப்படுவாரு. எனக்கு அந்த வருத்தம் இல்லைங்க. சிரிக்க வைக்கறேன்னு சொல்லி காசு வாங்குறாங்க, சிரிக்க வெச்சுட்டுப் போறாங்க. பேச்சு சுத்தமா இருக்குது.

எனக்கு ஒத்துக்காதது, விவசாயிங்க கூட்டத்துக்குக் கூட்டிட்டு வர்ற தன்னம்பிக்கைப் பேச்சாளருங்கதான்.

இந்தப் பேச்சுல நாலஞ்சு கேட்டாச்சு. காதோரம் மைக்கை மாட்டிக்கிட்டு மேடையில அங்கயும் இங்கயும் நடப்பாங்க. எல்லாரும் எந்திரிச்சு நின்னு, பக்கத்துல இருக்கறவர் தோளைத் தட்டி, "நான் ஜெயிப்பேன்"னு சொல்லச் சொல்லுவாங்க. அறுபத்தஞ்சு வயசுப் பெரியவரு பாவம், மூட்டு வலியோட எந்திரிச்சு நிப்பாரு. அப்புறம் கழுகுக் கதை. நாப்பது வயசு ஆனதும் கழுகு மலை மேல போயி, அலகைப் பாறையில மோதி உடைச்சு, நகத்தைப் பிடுங்கிப் போட்டுட்டு, புதுசா மொளைக்க வெச்சு இன்னும் முப்பது வருசம் வாழுமாம். ஆடு மாடு, கோழி, பருந்து எல்லாம் பார்த்து வளர்ந்தவங்க முன்னாடி இதைச் சொல்லலாமா? அலகு உடைஞ்ச பறவை பட்டினியிலேயே செத்துப்போகும். கூட்டத்துல யாரும் வாயைத் திறக்கல. விருந்தாளியைக் கேள்வி கேட்டு எங்களுக்குப் பழக்கம் இல்லை.

கதை பொய்ங்கறதை விடுங்க. விவசாயி கஷ்டப்படறது தன்னம்பிக்கை இல்லாமத்தான்னு அந்தப் பேச்சு முழுக்க உள்ளுக்குள்ள ஓடுது பாருங்க, அதுதான் தப்பு. 2010 கடைசியில ஈரோட்டுல விரலி மஞ்சள் குவிண்டால் 15 ஆயிரத்தைத் தாண்டிப் போச்சு. அடுத்த பட்டத்துல எங்க பக்கம் எல்லாரும் மஞ்சள் போட்டாங்க. நெல்லு வெச்ச வயலு, கரும்பு வெச்ச காடு, குத்தகைக்குப் பிடிச்சது, எல்லாமே மஞ்சள். விதைக்கிழங்கே ஏக்கருக்கு 800 கிலோ கிட்ட வேணும், அதையும் ஏறின வெலைக்குத்தான் வாங்குனாங்க. அன்னைக்கு எங்ககிட்ட தன்னம்பிக்கைக்கா பஞ்சம்? கழுத்து வரைக்கும் இருந்துச்சு. 2012-ல அறுத்து, வேக வெச்சு, காய வெச்சு ஏலத்துக்குக் கொண்டு போனா குவிண்டால் 4 ஆயிரம் சுமாருக்கு வந்து நின்னுச்சு. ஒம்பது பத்து மாசத்துப் பயிருங்க அது. நடவு போடறப்ப, அறுக்கறப்ப என்ன வெலை இருக்கும்னு யாரு சொல்லுவா? அதைச் சொல்ல ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தா நான் என் கையில இருந்தே காசு போடுவேன்.

கடன்காரன் வாசல்ல நிக்கற மனுசங்கிட்ட "உன் எண்ணம் சரியில்லை, அதான்"னு சொல்றது ஆறுதல் இல்லைங்க. பாரத்தோட பழியையும் சேர்த்து அவன் தலையிலயே வெக்கறது. 2024-ல சென்னையில ஒரு அரசுப் பள்ளியில இப்படித்தான் ஒருத்தரைப் பேச விட்டு, உடல் ஊனமா பொறக்கறது போன ஜென்மத்துப் பாவம்ங்கற மாதிரி அவர் பேசி, கண் பார்வை இல்லாத ஆசிரியர் ஒருத்தர் அங்கயே எந்திரிச்சுக் கேள்வி கேட்டாரு. நாடே பார்த்துச்சு. அது பெரிய கூத்தா இருந்ததால தெரிஞ்சுது. எங்க கூட்டத்துல நடக்கறது அதுக்குச் சின்னத் தம்பி.

பேச்சே வேண்டாம்னு சொல்ல வரல. நம்மாழ்வார் ஐயா பேச்சை நான் கேட்டிருக்கேன். பச்சைத் துண்டோட வந்து நின்னு, வயசானவங்க பேசற பாஷையிலயே பேசுவாரு. பல தானியம் விதைச்சுப் பூ பூக்கறப்ப மடக்கி உழு, மூடாக்குப் போடுன்னு மறுநா காலையில செய்ய ஒரு வேலை கையில குடுத்துட்டுப் போவாரு. அவர் சொன்னதுல எனக்கு ஒத்துவராததும் உண்டு. ஆனா மண்ணைப் பத்திப் பேசினாரு, என் மனசு சரியில்லைன்னு பேசல. ஈரோடு புத்தகத் திருவிழாவுல சாயங்காலம் பேசறவங்களையும் பஸ் ஏறிப் போய்க் கேட்டுட்டு வர்றவன்தான் நான்.

இன்னொண்ணு, கூப்பிடறவங்க லட்சணமும் அப்படித்தான் இருக்குது. பேச்சாளரை ஏழு மணிக்கு வரச் சொல்லிட்டு, பொன்னாடை, வரவேற்பு, வாழ்த்துரைன்னு ஒம்பதரை வரைக்கும் ஓட்டுவாங்க. பத்து மணிக்கு மேல மைக் போடக் கூடாது, அது சட்டம். ஆயிரக்கணக்குல காசு குடுத்துக் கூட்டிட்டு வந்த ஆளு அரை மணி நேரம் பேசிட்டுப் போவாரு. காசு விசயத்தையும் வாய் விட்டுப் பேச மாட்டாங்க. "உங்களுக்குத் தெரியாததா, பார்த்துச் செய்யறோம்"னு இழுத்துட்டு, ராத்திரி கார் கதவுகிட்ட கவரைத் திணிக்கறது ரெண்டு பேருக்கும் மரியாதை இல்லை. எவ்வளவுன்னு முன்னாடியே பேசிடணும்.

கம்பெனியில இருந்து "கிராமத்துக்கு ஏதாவது பண்ணலாம்"னு பேச்சாளரை அனுப்பற நண்பர்கள் இதைப் படிச்சா, அனுப்பறதுக்கு முன்னாடி எங்களை ஒரு போன் போட்டுக் கேளுங்க. மஞ்சள்ல கிழங்கு அழுகல் வந்தா என்ன பண்றது, ஏல விக்கிற எடத்துல எடையும் ஈரப்பதமும் எப்படிப் பார்க்கறாங்க, பயிர்க் காப்பீட்டு மனு எதுக்குத் தள்ளுபடி ஆகுது, இப்படிச் சொல்லித்தர ஆள் வேணும். மைக் பிடிக்கத் தெரியலைன்னாலும் பரவாயில்லை.

எங்க குழுக் கூட்டத்துக்கு இந்தத் தடவை ஒரு கண்டிசன் போட்டிருக்கோம். முக்கா மணி நேரம் பேச்சு, ஒரு மணி நேரம் எங்க கேள்வி. ஒத்துக்கறவங்களுக்குத்தான் அட்வான்ஸ். மூணு பேரைக் கேட்டதுல ரெண்டு பேரு, பார்த்துச் சொல்றோம்னு போனை வெச்சுட்டாங்க. மூணாவது ஆளு ரிட்டயர்டு ஆன வேளாண்மை அதிகாரி. பஸ் காசு மட்டும் போதும்னாரு. அதெல்லாம் முடியாதுங்க, பேசின தொகையை வாங்கிக்கணும்னு சொல்லியிருக்கோம்.