சென்னைக்கு முதல் தடவை வர்ற பசங்களுக்கு: பர்ஸ் பத்திரம் சரி, உடம்பு?

1/
காலேஜ் அட்மிஷன் சீசன் வந்தா கூடவே ஒரு லிஸ்ட்டும் வந்துடும். "முதல் தடவை சென்னை வரும் மாணவர்களுக்கு 15 டிப்ஸ்." இந்த வாரம் மட்டும் எனக்கு நாலு குரூப்ல வந்துருச்சு. ஒரு டாக்டரா எனக்கு அந்த லிஸ்ட் மேல கடுமையான ஆட்சேபணை இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
அதுல என்ன இருக்கு? பர்ஸை முன் பாக்கெட்ல வை. ஆட்டோக்காரர் ஏமாத்துவார். பஸ் ஸ்டாண்ட்ல பேச்சு கொடுக்கறவங்ககிட்ட நிக்காதே. பஸ் ஜன்னல் ஓரமா போன் பேசாதே. தி.நகர்ல பாதி விலைக்குக் கேளு. எந்தக் கடையில பிரியாணி நல்லா இருக்கும். கடைசியா கொட்டை எழுத்துல: "இங்க யாரையும் நம்பாதே."

3/
பதினஞ்சும் பர்ஸுக்கும் போனுக்கும் காவல். அந்த பர்ஸை வச்சிருக்கற 18 வயசுப் புள்ளையோட உடம்புக்கு ஒரு வரி கிடையாது. காய்ச்சல் வந்தா எங்க போகணும்? நாய் கடிச்சா? ராத்திரி 2 மணிக்கு ரூம்மேட் மயங்கி விழுந்தா? எதுவும் இல்ல. அந்தக் கடைசி வரி அதைவிட மோசம். அது ஆபத்தான அட்வைஸ். ஏன்னு சொல்றேன்.

4/
சில வருஷம் முன்னாடி ஒரு அக்டோபர். டெல்டா மாவட்டத்துப் பையன், முதல் வருஷ இன்ஜினியரிங். காய்ச்சல் வந்த முதல் நாள் மெடிக்கல் ஷாப்ல போய் "ஒரு செட் குடுங்கண்ணே"ன்னு கேட்டு வாங்கி முழுங்கியிருக்கான். மூணு நாள் ரூம்லயே படுக்கை. நாலாவது நாள் காய்ச்சல் விட்டுருச்சு. சரியாயிடுச்சுன்னு கிளாஸுக்குப் போயிட்டான். அன்னிக்கு சாயந்திரம் வயித்து வலி, நிக்காத வாந்தி. ராத்திரி பாத்ரூம் வாசல்ல விழுந்து கிடந்தான்.

5/
டெங்கு. இதை எல்லாரும் மனசுல ஏத்திக்கோங்க: டெங்குல ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும்போது இல்ல, காய்ச்சல் இறங்கும்போது. பெரும்பாலும் 3-வது நாள்ல இருந்து 7-வது நாளுக்குள்ள. ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு வெளிய போகும், பிரஷர் விழும். கடுமையான வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல மூக்குல ரத்தம், எழுந்திரிக்க முடியாத அசதி, கை கால் சில்லுனு ஆகறது, யூரின் குறையறது. இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. "காலைல பாத்துக்கலாம்" கிடையாது.

6/
அந்தப் பையன் பிழைச்சான். அஞ்சு நாள் ஐசியூ. தெளிஞ்சதும் கேட்டேன், "ஏன்டா நாலு நாள் யார்ட்டயும் சொல்லல?" அவன் சொன்னது: "பக்கத்து ரூம் அண்ணன்கிட்ட சொல்லலாம்னு நினைச்சேன் சார். பழக்கம் இல்ல. காசு கேக்க வந்திருக்கேன்னு நினைச்சிடுவாரோன்னு விட்டுட்டேன்." அவங்க அம்மா பக்கத்துல நின்னு அழுதுட்டே சொன்னாங்க, "யார்கிட்டயும் பழகாம பத்திரமா இருன்னு சொல்லித்தான் சார் அனுப்பினோம்."

7/
சரி, அவனை ராத்திரி 11 மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தது யாரு? ரூம்மேட் ரெண்டு பேர், ஒரு ஆட்டோ அண்ணன். ஸ்ட்ரெச்சர் வர்ற வரைக்கும் அவன் தலையைத் தன் தொடையில வச்சிருந்தவர் அவர்தான். காசு வாங்காம போயிட்டார். உங்க லிஸ்ட்ல ரெண்டாவது டிப்ஸ்ல எதிரியா இருக்கறவர்.

8/
"அப்ப ஏமாத்தறவங்களே இல்லையா டாக்டர்?" இருக்காங்க. 2004-ல தென்காசிப் பக்கத்துல இருந்து டிரங்க் பெட்டியோட கோயம்பேட்டுல இறங்கின அன்னிக்கே நான் ஏமாந்திருக்கேன். ஒரு நாள் சாப்பாட்டுக் காசு போச்சு. வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா அது திரும்பி வர்ற காசு. லிவரும் கிட்னியும் அப்படித் திரும்பி வராது. எந்த நஷ்டத்துக்கு எவ்வளவு பயப்படணும்னு ஒரு அளவு வேணாமா?

9/
ஊரை விட்டு வர்ற புள்ளைக்கு மருத்துவ ரீதியா இருக்கற மிகப்பெரிய ஆபத்து தனியா இருக்கறது. வீட்டுல இருந்தா முகத்தைப் பாத்தே "என்னடி உடம்பு சுடுது"ன்னு அம்மா கேப்பாங்க. இங்க கேக்க ஆள் கிடையாது. அப்படிப்பட்ட புள்ளைகிட்ட போய் "யாரையும் நம்பாதே"ன்னு சொன்னா, கேக்கக்கூடிய ஒண்ணு ரெண்டு பேரையும் வாசல்லயே நிறுத்திடறோம்.

10/
அதனால என்னோட முதல் டிப்ஸ் நேர் எதிரானது. வந்த முதல் வாரத்துல மூணு பேரைப் பழக்கம் பண்ணிக்கோ. பக்கத்து ரூம்ல ஒருத்தர். மெஸ்ஸோ டீக்கடையோ, தினமும் உன்னைப் பாக்கற ஒருத்தர். சீனியர்ல ஒருத்தர். அவங்ககிட்ட ஏடிஎம் பின் நம்பரைக் கொடுக்கச் சொல்லல. "ரெண்டு நாள் என்னைக் காணோம்னா கதவைத் தட்டுங்க"ன்னு சொல்லி வை. அது போதும்.

11/
இப்ப அந்த லிஸ்ட்ல இருந்திருக்க வேண்டியதைச் சொல்றேன். ஒரு துண்டுத் தாள்ல எழுதி பர்ஸ்ல வை. போன்ல வேணாம், போன் லாக் ஆகியிருக்கும், சார்ஜ் போயிருக்கும்.
108: ஆம்புலன்ஸ்.
104: மருத்துவ ஆலோசனை.
14416: மனநல உதவி.
181: பெண்களுக்கான உதவி.
கூடவே உன் ரத்த வகை, ஒவ்வாத மருந்து, வீட்டு நம்பர் ஒண்ணு, இங்க இருக்கற ஒருத்தர் நம்பர் ஒண்ணு.

12/
அடுத்து, பக்கத்துல இருக்கற அரசு மருத்துவமனை எதுன்னு தெரிஞ்சுக்கோ. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிர்லயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. வடசென்னைன்னா ஸ்டான்லி. அப்புறம் கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை. தாம்பரம் பக்கம்னா குரோம்பேட்டை அரசு மருத்துவமனை. ஜி.எஸ்.டி. ரோட்டுல இன்னும் தள்ளின்னா செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சளி காய்ச்சலுக்கு இவ்வளவு தூரம் போக வேணாம், ஏரியாவுல நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும். இடம் பாத்து வச்சுக்கோ.

13/
"ஜி.ஹெச்சா? அங்க போனா அவ்வளவுதான்"னு சொல்ற மாமாக்கள் வருவீங்கன்னு தெரியும். கூட்டம் இருக்கு, ஒத்துக்கறேன். வெள்ளைச் சீட்டுக்கு வரிசையில நிக்கணும். சில பேர் சிடுசிடுன்னு பேசுவாங்க, அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா 24 மணி நேரமும் அவசர சிகிச்சைப் பிரிவு திறந்திருக்கு, டாக்டர் இருக்கார், மருந்து இருக்கு. கையில 300 ரூபா வச்சிருக்கற புள்ளையை, காசு இல்லாம நுழையக்கூடிய ஒரே கதவுகிட்ட போகவிடாம பயமுறுத்திட்டு, நீங்க என்ன மாற்று வழி சொன்னீங்க? மெடிக்கல் ஷாப் செட் மாத்திரைதானே?

14/
அந்த செட் மாத்திரை பத்தி. பேர் தெரியாத நாலு மாத்திரை. அதுல வலி மாத்திரை ஒண்ணு இருக்க நிறைய வாய்ப்பு. டெங்குவா இருந்தா டைக்ளோபினாக், இபுப்ரோபென், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவை அதிகமாக்கும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், அளவோட. தண்ணி, கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். ரெண்டு நாள்ல விடலைன்னா டாக்டரைப் பாரு, ரத்தம் டெஸ்ட் பண்ணு. ஆன்டிபயாடிக் நீயா வாங்காதே.

15/
நாய். "லேசா பிராண்டிருச்சு, ஊருக்குப் போறப்ப ஊசி போட்டுக்கலாம்"னு சொல்ற பசங்களை வருஷா வருஷம் பாக்கறேன். ரேபிஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்த எங்ககிட்ட மருந்து இல்ல. கடிச்ச உடனே ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதே. அன்னிக்கே அரசு மருத்துவமனைக்குப் போ. ஊசி இலவசம். முதல் நாள், அப்புறம் 3, 7, 28-வது நாள்னு 4 தவணை. ரத்தம் வந்த காயம்னா கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசியும் கேட்டு வாங்கு. நடுவுல லீவுக்கு ஊருக்குப் போனா சீட்டை எடுத்துட்டுப் போய் அங்க போட்டுக்கோ. தவணையை விடாதே.

16/
சாப்பாடு. பிரியாணிக்கு நான் எதிரி இல்ல. ஆனா முதல் செமஸ்டர்ல என்கிட்ட வர்ற மஞ்சள் காமாலை, டைபாய்டு எல்லாம் தண்ணியிலயும் ஆறின சாப்பாட்டுலயும் வர்றது. சூடா இருக்கறதைச் சாப்பிடு. ரோட்டோர ஜூஸ்ல ஐஸ் வேணாம்னு சொல்லு. கேன் தண்ணி மேல சந்தேகமா இருந்தா கொதிக்க வை. மாசக் கடைசியில காசு இல்லன்னு பட்டினி கிடக்காதே. 2013-ல இருந்து அம்மா உணவகம் இருக்கு. அங்க இட்லி 1 ரூபா, சாம்பார் சாதம் 5 ரூபா. போய்ச் சாப்பிட வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

17/
பொண்ணுங்களுக்கு. தென் மாவட்டத்துல இருந்து வர்ற அரசு பஸ் இப்ப கோயம்பேடு போகாது, கிளாம்பாக்கத்துலயே நின்னுடும் (லிஸ்ட்ல இன்னும் கோயம்பேடுன்னுதான் இருக்கு). அங்க இருந்து இன்னொரு பஸ், ஆக மொத்தம் 12 மணி நேரப் பயணம். பாத்ரூம் இருக்காதுன்னு தண்ணியே குடிக்காம, யூரினை அடக்கிட்டு வந்து, ரெண்டாவது நாளே எரிச்சலும் குளிர் ஜுரமுமா வர்றாங்க. தண்ணி குடிச்சிட்டே வாம்மா. பஸ் நிக்கற இடத்துல எல்லாம் இறங்கு. கிளாம்பாக்கத்துல இறங்கினதும் பாத்ரூம் போயிட்டு, நாலு இட்லி சாப்பிட்டுட்டு அடுத்த பஸ் ஏறு.

18/
மெரினா. வந்த முதல் ஞாயித்துக்கிழமை எல்லாரும் அங்கதான். கால் நனைச்சுக்கோ, குளிக்காதே. ஊர்க் குளத்துல கிணத்துல நீச்சல் அடிச்ச தைரியம் கடல்ல உதவாது. அலை இழுக்கற இழுப்பே வேற. அதே மாதிரி மின்சார ரயில்ல படிக்கட்டுப் பயணம், காதுல இயர்போனோட தண்டவாளம் தாண்டறது. பிக்பாக்கெட்ல போன பர்ஸுக்காக எந்த அப்பாவையும் நான் மார்ச்சுவரி வாசல்ல நிக்க வச்சதில்ல. இந்த மூணுக்கும் நிக்க வச்சிருக்கேன்.

19/
ரோட்டுல விபத்துன்னா: தமிழ்நாட்டுல எங்க நடந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு. அதுல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியும் உண்டு. அடிபட்டவரை நீ தூக்கிட்டுப் போனா உன்னைக் கட்டாயப்படுத்தி சாட்சியாக்கவும் முடியாது, சட்டத்துலயே பாதுகாப்பு இருக்கு. "வம்புல மாட்டாதே"ங்கிற டிப்ஸைத் தூக்கிப் போடு.

20/
மனசு. முதல் ஒண்ணு ரெண்டு மாசம் அழுகை வரும், தூக்கம் வராது, இங்கிலீஷ்ல கிளாஸ் நடத்தினா தலை சுத்தும். இது கோழைத்தனம் இல்ல. நானும் ஹாஸ்டல் மொட்டை மாடியில உக்காந்து அழுதவன்தான். ஆனா வாரக்கணக்குல சாப்பாடு இறங்கல, இருந்து என்ன பண்ணப் போறோம்னு தோணுதுன்னா அன்னிக்கே யார்கிட்டயாவது சொல்லு. யாரும் இல்லன்னா 14416-க்குக் கூப்பிடு. ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

21/
"இதெல்லாம் படிச்ச பசங்க, கூகுள் பண்ணிக்க மாட்டாங்களா?" பண்ண மாட்டாங்க சார். 103 டிகிரி காய்ச்சல்ல யாரும் ஆராய்ச்சி பண்ண மாட்டாங்க. தெரிஞ்ச ஒரே விஷயத்தைத்தான் பண்ணுவாங்க. அந்த ஒரே விஷயம் "ரூமைப் பூட்டிட்டுப் படு"ன்னு இருக்கக் கூடாது. அதுக்குத்தான் இவ்வளவு கத்தறேன்.

22/
கடைசியா காலேஜ் நிர்வாகங்களுக்கு. லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்கறீங்க. சேர்ற அன்னிக்கு லோகோ போட்ட பை கொடுக்கறீங்க, உள்ள பேனா இருக்கு, டைரி இருக்கு, சேர்மன் போட்டோ இருக்கு. பக்கத்து அரசு மருத்துவமனை எது, ராத்திரி யாரைக் கூப்பிடணும்னு ஒரு தாள் இருக்கா? ஹாஸ்டல்ல ஒரு பையன் ரெண்டு நாள் மெஸ்ஸுக்கு வரலைன்னா வார்டன் கதவைத் தட்டறாரா? அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழ போனா மட்டும் வீட்டுக்கு மெசேஜ் போகுது. அவன் ஏன் வரலைன்னு கேக்கறது உங்க வேலை இல்லையா?

23/
பெத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். போன்ல "சாப்டியா?"ன்னு கேக்கறீங்க. அது "சாப்டேன்மா"ன்னுதான் சொல்லும், பட்டினியா இருந்தாலும். "என்ன சாப்ட? யாரோட சாப்ட?"ன்னு கேளுங்க. யாரோடங்கிற கேள்விக்கு ஒரு மாசமா பதிலே வரலைன்னா, ஒரு எட்டு நேர்ல வந்து பாத்துட்டுப் போங்க.

24/
அந்த 15 டிப்ஸ் லிஸ்ட்டை ஃபார்வர்ட் பண்றவங்க பண்ணுங்க. கூடவே இந்த 11-வது ட்வீட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. தம்பி தங்கச்சிங்களா, பயப்படாம வாங்க. இது நம்ம ஊருதான். காய்ச்சல்னா மட்டும் தனியா படுத்துக் கிடக்காதீங்க, யார் கதவையாவது தட்டுங்க.